வெறும் வண்டி எடை

லாரிகளை எடை போடும் மேடையில்தான் என் காலம் முழுக்க ஓடியது. வண்டி முதலில் காலியாக மேடை ஏறும். அது வெறும் வண்டி எடை. பிறகு லோடு ஏற்றிக்கொண்டு வரும், அதையும் போடுவேன். இதில் அதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு எடைக்கும் நடுவில்தான் டிரைவர்களின் கைவேலை எல்லாம் நடக்கும். ஒருவன் சீட்டுக்கு அடியில் கல்லை அடுக்குவான். இன்னொருவன் வண்டிக்கு அடியில் தொட்டி கட்டித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து, அதையும் சரக்கு என்று என் தலையில் கட்டப் பார்ப்பான். என்னிடம் அந்தப் பாச்சா பலிக்காது. எவன் பல்லைக் காட்டிக்கொண்டு வணக்கம் சொல்கிறானோ, அவன் வண்டிக்கு அடியில்தான் முதலில் குனிந்து பார்ப்பேன்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் குனிந்து பார்க்கிற புத்தி போகவில்லை. பால்காரனையும் நம்ப மாட்டேன், டி.வி.யில் மழை வரும் என்று சொல்கிற பெண்ணையும் நம்ப மாட்டேன்.

என் பேத்தியை வீட்டில் தும்பி என்றுதான் கூப்பிடுவோம். கையும் காலும் அப்படி. காற்றடித்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள் என்று நானே கேலி செய்வேன். பள்ளிக்கூடத்தில் உடம்பு பார்க்க வந்தவர்கள், இந்தப் பிள்ளைக்கு எடை பத்தாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். மகன், மருமகள், நான், தும்பி என்று நாலு பேரும் போனோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தும்பியைத் தட்டிப் பார்த்தாள், ரத்தம் எடுத்துப் பார்த்தாள், கடைசியில் என் மகனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களும் சின்ன வயசுல இப்படித்தானே இருந்தீங்க?"

"இப்பவும் அப்படித்தான் டாக்டர்" என்றான் துணி காயப்போடும் கொம்பு மாதிரி நின்றிருந்த என் மகன்.

"நோய் ஒண்ணும் இல்ல. இவ உடம்பு வாகே ஒல்லி. ஆனா கொஞ்ச மாசமா எடை ஏறாம அப்படியே நிக்குது, அதைத்தான் கவனிக்கணும். ஒரேயடியா திணிக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், தயிர், ரொட்டியில நல்லா வெண்ணெய். சாப்பாட்டுக்கு முன்னாடி தண்ணி, ஜூஸ்னு வயித்தை ரொப்பிடாதீங்க. எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க. முக்கியமா, தினம் தினம் எடை பாக்காதீங்க. பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

"டானிக்கு?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தாத்தா."

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. வாழைப்பழம் சாப்பிடு என்று சொல்வதற்கு ஒரு டாக்டரா? அதுவும் எடை ஏறணுமாம், ஆனால் எடை பார்க்கக்கூடாதாம். மேடையே இல்லாமல் லாரியை அனுப்பச் சொல்கிற கதை.

மறுநாள் என் மகள் வந்தாள், கையில் ஒரு சத்துமாவு டப்பாவோடு. பின்னாடியே அவள் பையன், பந்து உருண்டு வருகிற மாதிரி. என் மருமகள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்னால் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, கூந்தலைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள் என் மகள். இப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது கோபப்பட வைக்கிற பேச்சாகத்தான் இருக்கும். "நீங்க ஊர் ஜனத்தையெல்லாம் ஏத்தி இறக்கிட்டு இருந்தா, பெத்த பிள்ளைக்கு யாரு ஊட்டுவா? அப்பா சமைச்சு நம்ம வீட்டுல யாரு உருப்பட்டா?"

"என் சமையலுக்கு என்னடி குறைச்சல்? நீயும் அதைத் தின்னுதான் இந்த வாய் வளர்த்த" என்றேன்.

மருமகள் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையிலிருந்த பஸ் சாவிக்கொத்தின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நானும் யோசிச்சுட்டேன் மாமா. பரீட்சை முடிஞ்சு டாக்டர்கிட்ட போகும்போது இவளுக்கு எடை ஏறலைன்னா, நான் வேலையை விட்டுடறேன்."

அந்த வேலைக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் சிரித்தார்கள். டெப்போவில் சிரித்தார்கள். இப்போது அவள் வண்டியைத் திருப்புகிற லாவகத்தைப் பார்த்து அதே ஆட்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். எங்கிருந்தாலும் தும்பி ஜன்னலுக்குப் பறந்துவிடுவாள். "அது எங்கம்மா வண்டி" என்று பக்கத்து வீட்டுப் பூனையிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

அவள் அப்போது மேஜைக்கு அடியில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். கலர் பென்சில் சத்தம் நின்றது. நான் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருமகள் வேலையை விடக்கூடாது, தும்பிக்கு எடை ஏறணும். இது இனி என் பொறுப்பு என்று முடிவு செய்தேன். மாவு மில்லில் இருக்கிற சிநேகிதனிடம் சொல்லி ஒரு எடை மெஷினை வாங்கிவந்து சமையலறை வாசலில் வைத்தேன். மாவு மூட்டை எடை போடுகிற மெஷின். ஈ உட்கார்ந்தாலும் காட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் தும்பி ஏறுவாள், வெறும் வண்டி எடை. சாப்பிட்ட பிறகு ஏறுவாள், லோடு எடை. டாக்டர் சொன்ன மற்றதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தேன். உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்தேன். வேர்க்கடலையை வறுத்து அரைத்து ரொட்டியில் தடவினேன். தயிரில் வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டேன். முட்டையை அவித்தும் பொரித்தும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. "ஏறு ஏறு, லோடு பாப்போம்" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே ஏறுவாள். எண் ஏறும். எனக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் தட்டைப் பார்த்தால் வேறு கதை. ரொட்டியில் பாதி கிடக்கும். முட்டையில் ஒரு கடி. "போதும் தாத்தா, வயிறு டம்முனு இருக்கு." பறவை கொறித்தது மாதிரி சாப்பிட்டுவிட்டு மெஷினில் ஏறினால், அது என்னவோ ஒரு பெரிய விருந்தை முடித்த எண்ணைக் காட்டும். காலையில் எழுந்ததும் ஏற்றிப் பார்த்தால் பழைய இடத்துக்கே இறங்கியிருக்கும்.

மெஷின் பொய் சொல்கிறதோ என்று அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மில் சிநேகிதன் ஏதாவது கோளாறு செய்து கொடுத்தானோ என்று அவனிடம் போய்க் கத்திவிட்டும் வந்தேன். டாக்டர் சொன்ன முறையே தப்போ என்று தோன்றியது. மருமகள் வேலை முடிந்து வரும்போது எதையாவது வாங்கிக் கொடுத்து வயிற்றைக் கெடுக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்தேன்.

ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனாள். நான் முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து எப்போதும் போல ஒரு குதி குதித்தாள்.

களக்.

கையிலிருந்த முட்டை நழுவியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? பாதி நிரம்பிய தொட்டியோடு மேடையில் ஏறி பிரேக் போடுகிற வண்டியின் சத்தம். அதைக் கேட்டே எத்தனை பேரைக் கீழே இறக்கியிருக்கிறேன்.

"இன்னொரு தடவை குதி" என்றேன்.

அவள் குதிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது.

"தண்ணி குடிச்சியா?"

தலையாட்டினாள்.

"எவ்வளவு?"

"வயிறு வலிக்கிற வரைக்கும்."

"எதுக்குடி கண்ணு?"

"நீங்கதானே தாத்தா லோடு ஏறணும்னு சொல்றீங்க. தண்ணி குடிச்சா ஏறுது. எடை ஏறலைன்னா அம்மா பஸ்ஸை விட்டுடுவாங்க." சட்டை நுனியைத் திருகினாள். பிறகு, "முதல்ல சாப்பிட்டுப் பாத்தேன், முட்டைக்குக் கொஞ்சமாத்தான் ஏறுச்சு" என்றாள்.

வெறும் வண்டி எடைக்கு முன்னாலும் குடித்திருக்கிறாள், சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளிக்கிறேன் என்று போயும் குடித்திருக்கிறாள். உள்ளே முட்டைக்கு இடம் ஏது? நான் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் என் கையில் தட்டுப்பட்டது. அத்தனை நாளும் எண்ணைத்தான் பார்த்தேன், அந்த முதுகைத் தடவிப் பார்க்கவில்லை.

"தாத்தா, அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்லத்தான் போறேன். ஆனா திட்டு எனக்குத்தான் விழும், உனக்கில்ல."

மருமகள் வந்ததும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் எடை பாக்காதீங்கன்னு சொன்னாங்களே மாமா."

"சொன்னாங்க. நான் யாரு பேச்சைக் கேட்டேன்?"

"நீங்க மெஷின் வெச்சீங்க, நான் மிரட்டல் வெச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து பிள்ளையைத் தண்ணி லாரி ஆக்கிட்டோம்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

"அம்மாடி, ஒண்ணு சொல்றேன் கேளு. எடை ஏறுதோ இறங்குதோ, நீ பஸ்ஸை விடாதே. அதை அவகிட்ட நீயே சொல்லு. அதுக்கப்புறம்தான் அவ வயித்துல சோறு இறங்கும்."

"உங்க பொண்ணு பேசுவாங்களே?"

"அவளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அந்த சத்துமாவை நானே கரைச்சுக் குடிக்கிறேன், சமாதானமாயிடுவா."

மெஷினை அன்றைக்கே தூக்கிக்கொண்டுபோய் மில்லில் வைத்தேன். "என்னைத் திருடன்னு சொல்லிட்டுப் போனியே, இப்ப என்ன?" என்றான் சிநேகிதன். "மெஷின் யோக்கியம்தான், ஆளுதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். மருமகள் தும்பியின் தலையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாருடி. நீ தும்பியா இருந்தாலும் யானையா இருந்தாலும் அம்மா பஸ் ஓட்டுவேன். புரியுதா?"

"நிஜமாவா?"

"நிஜமா."

"ஜன்னல்ல பாத்துட்டே இருப்பேன்."

"பாரு. இப்ப சாப்பிடு. வேணாம்னா வை, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

நாங்கள் எங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். அவள் தட்டைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கழுத்து சுளுக்கிக்கொண்டது. மகன் ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னக் கை என் தட்டுப் பக்கம் வந்தது.

"தாத்தா, உங்க முட்டை வேணுமா உங்களுக்கு?"

"எடுத்துக்கோ. எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல" என்று சொன்னேன். என் வயிறு கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

அதற்குப் பிறகு அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. சில நாள் நன்றாகச் சாப்பிடுவாள், சில நாள் கொறிப்பாள். விளையாடிவிட்டு வரும்போது கடலையோ பழமோ கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். தண்ணீரைச் சாப்பாடு முடிந்த பிறகு குடித்தாள். பசிக்கிறது என்று ஒருநாள் அவளே வந்து கேட்டாள். நான் கையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்து டாக்டரிடம் போனோம். மருமகள் மதிய ஷிஃப்டுக்காக யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள். தும்பியைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து நேராகக் கழிவறைக்கு ஓடினாள். திரும்பி வந்து என் காதில் சொன்னாள்: "தாத்தா, தொட்டி காலி. இப்ப இருக்கறது பூரா லோடுதான்."

அவள் மெஷினில் ஏறும்போது நான் சுவரில் இருந்த பல் விளக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏறியிருக்கு" என்றாள் டாக்டர். "கொஞ்சம்தான். ஆனா இவளுக்கு இது சரியான அளவு. இவ எப்பவும் ஒல்லியாத்தான் இருப்பா, மெதுவா இப்படியே வளருவா. நல்லா பண்ணியிருக்கீங்க. யாரு சமையல்?"

மருமகள் என்னைக் காட்டினாள்.

"தினம் எடை பாக்கலையே தாத்தா?"

"மெஷினே வீட்டுல இல்லம்மா" என்றேன். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது பொய்யில்லை.

வீட்டுக்கு மருமகள் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறினோம். தும்பி முன் சீட்டில் உட்கார்ந்து, நான் டப்பாவில் கொண்டுவந்த கடலை ரொட்டியை அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே தின்றாள். ஒரு துண்டைக் கிள்ளி எனக்கும் நீட்டினாள். எங்கள் தெருமுனை வந்தது. பிள்ளை வண்டிக்குள்ளேயே இருக்கிறாள் என்று தெரிந்தும், மருமகள் இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.