பிரசவத்துக்கு எடுத்துவைத்த பெட்ரோல்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். பழங்காநத்தத்தில் கார் மெக்கானிக் சங்கிலி என்றால் என் வேலையைச் சொல்வதற்கு முன்னால் வாயைத்தான் சொல்வார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி கண்ணுச்சாமி அண்ணன், மகள் சரண்யாதேவி மாசமாயிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே பழைய கார் ஒன்று வாங்கினார். பிரசவத்துக்கு மகள் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு மதுரைக்குப் போகக் கூடாதாம். டர்போ வண்டி. முந்தைய ஓனர் வேகத்துக்காக எஞ்சின் செட்டிங்கை மாற்றிவைத்திருந்தான். மேடு ஏறினால் உள்ளே டக்டக்கென்று தட்டுகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். என்ன பெட்ரோல் போடுகிறீர்கள் என்றேன். பெட்ரோலில் என்ன தினுசு, எல்லாம் ஒன்றுதானே என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும், சாதாப் பெட்ரோல் அந்த அழுத்தம் தாங்காமல் நேரத்துக்கு முந்தி வெடிக்கும், இந்த வண்டிக்குத் தொண்ணூற்றைந்து ஆக்டேன் உசத்திப் பெட்ரோல்தான் போட வேண்டும் என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். பிள்ளைத்தாய்ச்சியோடு நடுரோட்டில் நிற்கப் போகிறீர்களா என்றும் கேட்டேன். என் நாக்கு அழுகிப்போகாதா.

அவர் ஊர்ப் பெட்ரோல் பங்கில் அது கிடையாது. அன்றைக்கே இங்கே இரண்டு கேன் வாங்கிப்போனார். ஊற்றி ஓட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நல்ல சோளத்தை விதைக்கென்றும், நல்ல வேட்டியைத் திருவிழாவுக்கென்றும் ஒதுக்கியே பழகிய மனுஷன். கேன்களைத் தகரக் கொட்டகையில் பிரசவத்துக்கென்று எடுத்துவைத்துவிட்டு, சாதாப் பெட்ரோலிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் நாள்பட்டால் கெட்டுப்போகும் என்பதை, அவ்வளவு கத்திய நான் சொல்லவேயில்லை.

ஏழு மாதம் தகரச் சூட்டில் கிடந்தது அது. நாள் நெருங்கியதும் டேங்கை வற்ற ஓட்டி, ஒரு சொட்டுச் சாதா கலக்காமல் அதை ஊற்றினார். மறுநாள் காலையில் வலி கண்டது. செக்கானூரணி வருவதற்குள் வண்டி தட்டித் திணறி நின்றுவிட்டது. சரக்கு வண்டி ஒன்றை மறித்து மகளை ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பிள்ளை உயிரோடு இல்லை. ஆண் பிள்ளை.

இருபது நாள் கழித்துக் காரைக் கட்டி இழுத்து வந்தார். டேங்கைத் திறந்தேன். பழைய வார்னிஷ் நாற்றம் குப்பென்று அடித்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தம்பி, சாதாவே போட்டிருந்தா போய்ச் சேந்திருக்குமா?" என்று கேட்டார்.

சேர்ந்திருக்கும். தட்டிக்கொண்டாவது சேர்ந்திருக்கும்.

"இல்லண்ணே. டர்போ முன்னாடியே போயிருச்சு. எதை ஊத்தியிருந்தாலும் நின்னுருக்கும்" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இதைப் பாப்பாகிட்டச் சொல்லு தம்பி. உன் போன்லயே போடு. புருஷன் வீட்டுக்குப் போயிருச்சு, நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குது."

நான் தள்ளிப்போய் நின்று சரண்யாவிடம் உண்மையைச் சொன்னேன். தப்பு என்னுடையது, அப்பாவை வெறுக்காதே என்று கெஞ்சினேன்.

"அப்பா மேல கோவமில்லண்ணே" என்றாள். "அந்த ரோட்டுல வாற வண்டிய எல்லாம் கும்பிட்டுக் கும்பிட்டு மறிச்சாரு. அவரு மூஞ்சியப் பாத்தா அதுதான் வருது. என்னால முடியல." வைத்துவிட்டாள்.

கண்ணுச்சாமி அண்ணன் பக்கத்தில் வந்து என்ன சொன்னாள் என்று கேட்டார். கொஞ்ச நாள் ஆகட்டும் என்று சொன்னதாகச் சொன்னேன்.

"கொஞ்ச நாள்னா எம்புட்டு நாளு தம்பி?" என்றார்.