அசோகனை எந்தத் தெருவில் சேர்ப்பது

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருடமே தஸ்னீமுக்குத் தலை சுற்றியது. மணலி புதுநகரில் வீடு வீடாகப் போய், குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரலின் பலத்தை அளந்து வந்திருந்தாள். புகை கக்கும் ஆலையின் சுவரை ஒட்டிய தெருக்காரர்களுக்குத்தான் மூச்சு வாங்கும் என்று எதிர்பார்த்தாள். கணக்குப் போட்டால், தள்ளியிருந்தவர்களைவிட அவர்களே நன்றாக ஊதியிருந்தார்கள். திரும்பப் போட்டாள். அதேதான்.

“ஒத்துவராத நாலு பேரைத் தூக்கிடு. புதுசா சேர்ற எல்லாருக்கும் நான் சொல்ற முதல் யோசனை இதுதான்,” என்றான் அவளுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவன் ஷிபின்.

“ஒரு எண்ணைக்கூடத் தொடாதே. ஏன் இப்படி வந்ததுன்னு கேளு,” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் சங்கரநாராயணன்.

யாரைக் கேட்பது? ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி மறுபடி ஆலைத் தெருவுக்கே போனாள். பூட்டியிருந்ததால் போன முறை அவள் விட்டுவிட்ட வீடுகள் இப்போதும் பூட்டியே கிடந்தன. ஒன்றின் முன்னால் நின்றதும் பக்கத்து வீட்டு சபீஹா எட்டிப் பார்த்தாள்.

“அசோகன் வூடாம்மா? காலி பண்ணிகினு போயி ரொம்ப நாளாச்சு. அவருக்கு ஒரே இழுப்பு. அம்பத்தூர்ல பொண்ணு வூட்ல கீறாரு.”

தஸ்னீமுக்குச் சுருக்கென்றது. மூச்சு முட்டியவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், திடமாக இருப்பவர்களை மட்டும் அளந்திருக்கிறோம்!

“எதிர் வீட்டுக்காரங்களும் அப்படித்தான் போனாங்களாக்கா?”

“அய்யே, இல்லமா. பையனுக்கு ஓசூர்ல வேலை கெடச்சுது. அவங்களுக்கு ஒரு சீக்கும் கெடையாது.”

பிடிபட்டது போலிருந்தது மறுபடி நழுவியது.

சபீஹாவிடம் நம்பர் வாங்கி, அம்பத்தூருக்கும் போனாள். அசோகன் குழாயை வாயில் வைத்து ஊதினார். முள் சர்ரென்று ஏறியது. அவர் வயதுக்காரர்களில் ஆலைத் தெருவில் யாரும் அந்த அளவு ஊதியதில்லை.

“இங்க வந்தப்பறம் நல்லா கீறேம்மா,” என்று சிரித்தவர், “டாக்டரு மருந்தையும் மாத்திட்டாரு,” என்றும் சொன்னார்.

பஸ் நிறுத்தத்திலிருந்தே பேராசிரியரை அழைத்தாள். “சார், இவரை எந்தத் தெருவுல சேர்க்கிறது? பழைய தெருவா, புதுசா? குணமானது இடம் மாறினதாலயா, மருந்தாலயா?”

“தெரியலம்மா,” என்றார் பேராசிரியர். “நாளைக்கு வா. உக்காந்து யோசிப்போம்.”

அவருக்கே தெரியவில்லையா? அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அவருக்கே தெரியாதது தனக்குத் தெரியாததில் என்ன வெட்கம்? நல்ல பசிதான் எடுத்தது.