மருந்துக்கு முன் ஒரு கேள்வி

மருந்துக் கிளாஸைப் பிடித்தபடி ராமதாஸ் கட்டிலருகே வந்து நின்றான். "ஐயா, உங்க பேரு?"

கேத்தரினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டிலில் கிடப்பது அவள் புருஷன் ஆர்தர்; இதே தர்ம ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை புண்ணுக்கு மருந்து வைக்கும் டிரஸ்ஸராக இருந்தவர். ராமதாஸுக்குக் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். வயிற்றில் கட்டி. இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"இவரு யாருன்னு தெரியாதா தம்பி?"

"தெரியும்மா. ஆனா அவரே சொல்லணும்."

அப்படிக் கேட்கவைத்ததும் ஆர்தர்தான். முன்பெல்லாம் "நீ முனுசாமியா?" என்று கேட்டுவிட்டு மருந்து ஊற்றுவார்கள். கப்பலிலிருந்து இறங்கிய ஒரு கூலியாள் வெள்ளைக் கோட்டுக்குப் பயந்து "ஆமாங்க" என்றான். அவன் பெயர் தங்கராஜு. பிழைக்கவில்லை. துரை எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டே பழகிய ஜனம். அன்றிலிருந்து, நோயாளி தன் வாயால் பெயரைச் சொல்லாமல் மருந்து கிடையாது என்று ஆர்தர் பிடிவாதம் பிடித்தார். பஞ்சுக்கே பஞ்சமான இடத்தில் செலவில்லாமல் செய்யக்கூடியது இதுதான் என்பார். சிரித்தவர்கள்தான் அதிகம்.

"நான் போனா இதுவும் என்னோட போயிரும் கேத்தி," என்று நேற்றும் புலம்பினார். வலியைவிட அதுதான் அவரை அரித்தது.

இப்போது ஆர்தர் வாயைத் திறக்கவில்லை. கண்ணைப் பாதி திறந்து ராமதாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று கேத்தரினுக்குப் புரிந்தது. சாகக் கிடக்கும்போதும் பரீட்சை வைக்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வலியில துடிக்கிறாரு. குடுத்துருங்க லா, தம்பி."

ராமதாஸ் கிளாஸை நீட்டவில்லை.

"பேச முடியாதவங்களுக்குத்தான் வீட்டாளு சொல்லலாம். அவருக்குப் பேச்சு இருக்கும்மா. சொல்லுங்க ஐயா, உங்க பேரு?"

ஆர்தரின் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்று கோயிலில் பார்த்த அதே முகம்.

"ஆர்தர்," என்றார்.

மருந்தைக் குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். சாயங்காலம் தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்த அவருடைய அக்கா அமலம்மாள், ஜெபமாலையும் கையுமாகக் கட்டிலருகே அழுதாள்.

"கடைசியா என்ன சொன்னான்? சேசு மரி சூசைன்னு ஜெபம் சொன்னானா?"

"இல்ல அண்ணி. தன் பேரைத்தான் சொன்னாரு."

அமலம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கேத்தரின் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலையணையில் சாய்ந்திருந்த அவர் முகத்தை நேராக்கினாள்.