பெலுனோவ் நகரத்து அரிமா

வைகறைப் பனி மெல்ல விலக, பிளம் மரங்கள் வெண்பூச் சொரிய, மதுவடிசாலையின் புகை கோயிற் கோபுரத்தைத் தழுவிக் கலைய, மொராவியக் குன்றுகளின் மடியிற் கிடந்த பெலுனோவ் நகரம், துயில் நீங்கிய மடந்தைபோல் தன் செங்கூரைகளை ஒவ்வொன்றாய்க் காட்டிற்று. அவ்வேளை ஆற்றை நோக்கிய மாடியறையொன்றில், மயிரினும் நுண்ணிய தூரிகையேந்தி, மூச்சையும் அடக்கி, அரிமாவொன்றின் இரண்டாம் வாலைத் தீட்டிக்கொண்டிருந்தார் வெண்டலின் பொகோரா.

குலச்சின்னம் வரைதலே இருபத்தாறாண்டுகளாக அவர்தம் தொழில். நூலின் உள்ளட்டையில் உடையவர் பெயரோடும் கேடயச் சின்னத்தோடும் ஒட்டும் சீட்டினை அவரிடம் வரைவித்துக்கொள்ளாத செல்வர் அப்பக்கத்தில் அரியர். பன்றியிறைச்சி வணிகரொருவர் முந்நூறு சீட்டுகளைப் பெற்றுச் சென்று, வீட்டில் ஒட்டுதற்கு நூலொன்றும் இல்லாமை கண்டு, அதன்பின் நூல் வாங்கப் புறப்பட்டதும் உண்டு.

நகரின் எழுநூறாம் ஆண்டை முன்னிட்டு அஞ்சல்தலையொன்று வெளிவர இருந்தது. ஊர்ச்சின்னமாகிய இரட்டைவால் அரிமாவை வரையும் பேறு பொகோராவுக்கு வாய்த்தது. உள்ளங்கையினும் சிறிய அத்தாளில் தம் பெயர் நாடெங்கும் செல்லுமென்று எண்ணி, அவர் பதின்பருவத்தார்போல் உறக்கமிழந்தார். ஆயின் ஓவியத்தை மூவர் குழு ஏற்றாக வேண்டும்.

"ரெண்டு வாலாங்க? எங்க பாடப் புத்தகத்துல ஒண்ணுதான் போட்டிருக்கு. பிள்ளைங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை லுத்மிலா.

"நாக்கை உள்ள இழுத்துக்கச் சொல்லுங்க. என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுற மாதிரியே இருக்கு" என்றார் பாதிரியார்.

ஊர்த்தலைவர் துபெக் கண்ணாடியைத் துடைத்தார். "வெந்நீர் ஊத்துல குளிக்க வர்றவங்க இந்த நகத்தைப் பாத்தா பெட்டியைக் கட்டிருவாங்க. வெட்டி விடுங்க."

"ஐயா, இது எழுநூறு வருசமா இப்படித்தான் பின்னங்கால்ல நிக்குது!" என்றார் பொகோரா.

"அதான் சொல்றேன், பாவம், கால் வலிக்கும். உக்கார வைங்க."

மறுத்தால் பணி தலைநகரத்து ஓவியரிடம் போய்விடுமென்றனர். பொகோரா மூன்று நாள் வாதிட்டார். நான்காம் நாள் அழித்து வரைந்தார். அருகில் வந்து எட்டிப்பார்த்த மனைவி ஒத்தீலியா, "வால் போச்சு, நாக்கு போச்சு, நகமும் போச்சு. இனி குரைக்கச் சொல்றதுதான் பாக்கி" என்றார்.

விழாவன்று அஞ்சல்தலை வெளியாயிற்று. சதுக்கத்தில் மதுக்கோப்பையோடு அமர்ந்திருந்தோரிடையே அது கைமாறக் கைமாற, காட்டாறு கரையுடைத்தாற்போல் நகைப்பு எழுந்தது.

"நம்ம தலைவர் வீட்டு நாய் அச்சு அசலா விழுந்திருக்கே!" என்று கூவினான் கசாப்புக்காரன் யாரொமிர்.

துபெக்கின் முகம் செங்கிழங்காயிற்று. "யார் வரைஞ்சதோ, எங்களுக்குத் தெரியாதப்பா" என்றார். பாதிரியார் வானத்தை நோக்கினார். தலைமையாசிரியை தம் கையுறையை ஆராய்ந்தார். ஓரத்தே பொறித்த பெயரோ எறும்பின் காலினும் சிறிது. எவர் கண்ணுக்கும் எட்டாது. வாய்மூடி இருந்திருப்பின் பொகோரா தப்பியிருப்பார். ஆயினும் அவர் எழுந்தார்.

"நான்தாங்க வரைஞ்சேன். ரெண்டாவது வாலை எடுக்கச் சொன்னப்பவே எந்திரிச்சுப் போயிருக்கணும். போகலை. என் பேரு தபால்தலையில வரணும்னு ஆசை."

யாரொமிர் தலையைச் சொறிந்தான், பின் தன் கோப்பையை உயர்த்தி, "நாய்க்காரருக்கு ஒரு கோப்பை ஊத்துங்கப்பா! ஊர்ல ஒருத்தராவது உள்ளதைச் சொன்னாரே!" என்றான். மீண்டும் சிரிப்பெழுந்தது, இம்முறை அது அவரைச் சுடவில்லை.

அதன்பின் உயர்குடியினர் அவர் படியேறவில்லை. கசாப்புக்காரனும், கால்நடை மருத்துவரும், பள்ளிச் சிறுமியர் பலரும் வந்து, அமர்ந்த அவ்விலங்கையே தத்தம் நூற்சீட்டில் வரையுமாறு வேண்டினர். பொகோரா முகங்கோணாது வரைந்து தந்தார். குலச்சின்னம் இல்லாக் குடியிற் பிறந்த அவர், முதுமையில் தமக்கென்றும் ஒரு சீட்டு அமைத்தார்: கேடயத்தின் நடுவே ஒற்றைவால் தாழ்த்தி அமர்ந்த அதே உரு, அடியில், 'பிழை என்னுடையது' என்னும் வரி.

அவர் மறைந்தபின் அவர்தம் நூல்கள் பல கைகளிற் சிதறின. முன்னோர் வென்ற போர்களைக் கேடயத்திற் சுமந்தோர் உலகிற் பலர். தாம் தோற்றதைத் தம் பெயரோடு ஒட்டிவைக்க நாணாதவர் மிகச் சிலரே.