அந்த அறையில் எத்தனை பேர்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மத்தியப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் பணியில் இருந்த பெண் ஊழியர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மைக் அணைக்கப்படவில்லை. எல்லா நடைமேடைகளிலும் குறட்டைச் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அது சட்டென்று நின்றது. பிறகு, அடைத்த குழாயில் தண்ணீர் பீறிடுவது போன்ற ஓர் உறுமலோடு மறுபடி தொடங்கியது. பயணிகள் சிரித்தார்கள்.

ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குரலைக் கேட்டுத்தான் அந்த ஊரே பேருந்து ஏறியது. ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. அறைக்குக் கறுப்புக் கண்ணாடி. கூட்டம் சேருவதற்கு முன்னால் உள்ளே போய், கலைந்த பிறகு வெளியே வருவாள். அந்த ஏற்பாடு அவளுக்கு வசதியாக இருந்தது.

கணவருக்குக் குறட்டை பழகியிருந்தது. நடுவில் வருகிற அமைதிதான் அவரைத் தூங்கவிடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துகிறவர் அவர். வேலையில் கண் சொருகி, இரண்டு வில்லைகளைப் பாழாக்கியிருந்தார். நெஞ்சு டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "தூக்கத்துல இவங்களுக்கு மூச்சு நிக்குது. இப்போதைக்குத் திரும்பி வருது. என்னைக்கும் வரும்னு சொல்ல முடியாது." உடம்பைக் குறைக்க நடை, பட்டினி, பொடி, கஷாயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு அனுப்பினார்.

அந்த மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அறுவை சிகிச்சை செய்யும் வெள்ளை இயந்திரம் ஒன்று நான்கு கைகளையும் மடக்கிக்கொண்டு, காலியான கட்டிலின் மேல் குனிந்து நின்றது. படத்தில் மனிதர் ஒருவர்கூட இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் பண்ணிக்கறேங்க" என்றாள்.

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெஷின்மா அது. கரன்ட் போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கும்."

"பாதியில ஹேங் ஆச்சுன்னா?"

"நடுவுல ஓடிபி கேட்டா என்னண்ணே பண்ணுவ?" என்று நாத்தனார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "போன் அண்ணி பேருல இருக்கு. அண்ணி மயக்கத்துல இருப்பாங்க."

"நீ கொஞ்சம் வாய மூடறியா?"

"நான் எதுக்கு மூடணும்? அண்ணி வாய மூடறதுக்குத்தானே ஆபரேஷனே!"

முதலில் சிரித்தது மைக் அக்காதான். அது அவள் பழக்கம். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட்டால் வலி பாதியாகிவிடும் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தாள்.

ஒரே ஒரு முறை அது பலிக்கவில்லை. மகள் சிசேரியனில் பிறந்தபோது முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது: "இதுக்கு நூல் பத்தாது. கயிறு கொண்டாங்கப்பா." நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். துணிக்கு அந்தப் பக்கம் உடனே அமைதியாகிவிட்டது. அவள் விழித்திருந்தது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோதும் காதுக்குள் அந்தக் கயிறுதான் ஓடியது. இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால்தான் அந்தப் படம் அவளுக்குப் பிடித்துப்போனது. இயந்திரத்துக்கு வாய் கிடையாது.

அடுத்த முறை போனபோது, அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டரம்மா ஒரு தாளில் இரைப்பையை வரைந்து காட்டினார். முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சம் ஒரு வாழைக்காய் அளவுக்கு இருக்கும். கணவர் தன் கேள்விகளை வரிசையாக அவிழ்த்துவிட்டார். கரன்ட், ஹேங், எல்லாம்.

டாக்டரம்மா சிரித்தார். "அது தானா ஒண்ணுமே செய்யாதுங்க. நான் அதே ரூம்ல மூலையில உக்காந்து ஓட்டுவேன். என் கை அசைஞ்சாத்தான் அது அசையும். இவங்க பக்கத்துல எப்பவும் ஒரு டாக்டர் நிப்பாரு. மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர், அவருக்கு உதவிக்கு ஒருத்தர், நர்ஸ் ரெண்டு பேரு, மெஷினுக்கு ஒரு டெக்னீஷியன். அப்புறம் இவங்கள தூக்கி மாத்தறதுக்கு நாலு பேரு. ரூமே நிறைஞ்சிருக்கும், பயப்படாதீங்க."

கணவர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"அத்தனை பேரா?" என்று கேட்டாள். சொந்தக் குரல் யாருடையதோ போல ஒலித்தது.

"அத்தனை பேரும் உங்களுக்காகத்தான்" என்றார் டாக்டரம்மா.

இந்த முறை துணி இருக்காது, அவளே இருக்கமாட்டாள். உடுப்பில்லாத அத்தனை பெரிய உடம்பைத் தூக்கப் போகிற நான்கு பேர், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கும்போது என்ன சொல்வார்கள்? அப்போது முந்திக்கொண்டு சிரிக்க அவளால் முடியாது.

பேருந்தில் வரும்போது, "வேணாங்க" என்றாள்.

"எது வேணாம்?"

"ஆபரேஷன்."

"நல்லாத்தானே இருந்த? மெஷின நம்பினவ, மனுசங்கன்னதும் பயப்படறியே!" அவர் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இங்க பாரு. மூச்சு நிக்கும்போதெல்லாம் உன் மூக்குல விரல் வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். கடையில ஒருத்தருக்கு வலது கண்ணு வில்லைய இடது கண்ணுல மாட்டிக் குடுத்துட்டேன். அவரு படியில விழுந்துட்டாரு. நானும் எத்தன நாளைக்கு முழிச்சிருப்பேன், சொல்லு."

அவளுக்கு அறிவிப்பு அறைக்குள் போகவும் இப்போது பயமாக இருந்தது. கண் லேசாகச் சொருகினாலே கை தானாக மைக்கின் பொத்தானைத் தடவியது. வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு தடங்களை மாற்றி அறிவித்தாள். தூங்கினால் செத்துவிடுவோம், மேசையில் படுத்தால் சிரிப்பார்கள். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று யோசித்தபோது வந்த பதில் அவளையே திடுக்கிடவைத்தது.

அறுவை சிகிச்சையை ரத்து செய்வதற்கு மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள். டாக்டரம்மா உள்ளே அறுவை சிகிச்சையில் இருந்தார். ஆபரேஷன் தியேட்டரின் பொறுப்பு நர்ஸ், நரைத்த தலையுடன் கனத்த உடம்புக்காரி, வெளியே வந்தாள்.

"என்னம்மா, தேதி மாத்தணுமா?"

"வேணாம்னு சொல்ல வந்தேன்."

"ஏன்?"

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். மயக்கத்துல இருக்கறவங்களப் பத்தி நீங்கல்லாம் என்ன பேசுவீங்க?"

நர்ஸ் அவளை உற்றுப் பார்த்தாள். சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் பாரத்திலும் பெஞ்சு முனகியது. "யாரு என்ன சொன்னா உங்கள?"

அவள் முதல்முறையாகக் கயிற்றின் கதையைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நர்ஸின் உதடு துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கின் வழியாக ஒரு சிரிப்பு வெளியே வந்துவிட்டது. மைக் அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் சிவந்துபோயிருந்தது. "தப்பும்மா. சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"பரவால்ல" என்று சொல்ல வாயெடுத்தாள் மைக் அக்கா. சொல்லவில்லை. "பரவால்லன்னு நான் சொல்லமாட்டேன் சிஸ்டர்" என்றாள்.

"சொல்லாதீங்க" என்றாள் நர்ஸ். "உள்ள டூட்டியப் பத்திப் பேசுவோம், வீட்டு வாடகையப் பத்திப் பேசுவோம். சில பேரு நீங்க சொல்றாப்பல பேசறதும் உண்டு. இல்லன்னு பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. எனக்கே மயக்கம் குடுத்தா என்னப் பத்தியும் பேசுவாங்க, இந்த உடம்புக்கு."

"நீங்க அன்னைக்கு இருப்பீங்களா?"

"இருப்பேன். நான் இருக்கறப்ப பேசவிடமாட்டேன். வெளிய போனா என்ன நடக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

"நான் தூங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் என் எதிர்ல வந்து நிக்கணும். ஒவ்வொருத்தரும் யாரு, என்ன வேலைன்னு வாயத் தொறந்து சொல்லணும். குரல நான் கேக்கணும்."

"தூக்கறவங்களுமா?"

"அவங்கதான் முக்கியம்."

நர்ஸ் தலையாட்டினாள். மைக் அக்கா ரத்து செய்யாமலேயே வீட்டுக்குத் திரும்பினாள். பயம் குறைந்திருக்கவில்லை. கணவரிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆனது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். குளிரில் பல் கிட்டியது. பாலித்தீன் உறை மாட்டிய இயந்திரத்தின் நான்கு கைகளும் மேலே மடங்கி நின்றன. முகமூடிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். தூக்குகிறவர்களில் ஒருவர், "என்ன சொல்லணும் சிஸ்டர்?" என்று கூச்சத்தோடு கேட்டுவிட்டு, தன் வேலையைச் சொன்னார். கடைசி ஆள் பேசி முடித்தபோது அவள் கை கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தது. நர்ஸ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அறுவை சிகிச்சை திட்டமிட்டதைவிடச் சற்று அதிக நேரம் எடுத்தது. தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்து, நின்றது. நர்ஸ் நடுவில் ஒரு முறை வெளியே வந்து போனாள். அப்போது உள்ளே என்ன பேசினார்கள் என்று மைக் அக்காவுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. நான்காம் நாள் மைக் அக்கா வீடு திரும்பினாள். ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தாள்.