உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது

1

இந்தக் கதையை ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு ஆளை வெளியே விட்டுவிடுகிறேன், கதை படுத்துவிடுகிறது. அந்த ஆள் யாரென்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எனக்குத் தைரியம் வரவேண்டும்.

முதல் தொடக்கம்: 'சான் ஹோசே நகரின் மீது மழை…' வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மழையில்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது: 'சீட்டாட்டத்தில் தோற்காதவன் மேசைக்குச் சொந்தக்காரன் மட்டுமே.' சினிமா வசனம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது. ஒரு ரொட்டிக்கடை மாடியில் முதலாளியும் நாங்களுமாக ஏழு பேர் சேர்ந்து இணையத்தில் போக்கர் ஆடும் தளம் ஒன்றைத் தொடங்கினோம். மேசைகள் வெறிச்சோடித் தெரியக்கூடாது என்று முதல் மாதம் நாங்களே பல பெயர்களில் உட்கார்ந்து ஆடினோம். மூன்று வருஷத்தில் நகரை ஒட்டிய எஸ்காசுவில் ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம், முந்நூறு பேர், உலகம் பூராவும் ஆட்டக்காரர்கள்.

2

(தொழிலைப் பற்றி ஒரு பத்தி. தாண்டிப் போய்விடாதீர்கள், கதை இதில்தான் இருக்கிறது.)

எங்கள் மேசையில் யார் ஜெயித்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயப் பணத்தில் ஒரு சின்னத் துண்டு தளத்துக்கு வந்துவிடும். எங்களுக்கு நஷ்டம் ஒரே ஒருவரால்தான்: எழுந்து போகிறவரால்.

எழுந்து போக நினைக்கிறவர்களின் மின்னஞ்சல்கள் யோர்லேனியிடம் வரும். ஹெரேதியாவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற பெண், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். [சந்தேகம். என்னிடம் உயர்த்தியிருக்கிறார்.] கணக்கை மூடச் சொல்லி யாராவது கேட்டால் மூடக்கூடாது, ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்பது முதலாளி எலாதியோவின் விதி: 'உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது. மேசையில் எல்லோரும் உங்களைத் தேடுகிறார்கள். இந்த ஐம்பது டாலர் எங்கள் அன்பளிப்பு.'

நார்வேயில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஹால்வார் என்பவர் மூன்று முறை மூடச் சொன்னார். மூன்று முறையும் கடிதம் போனது. மூன்று முறையும் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான்காவதாக ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுதியிருந்தார்: 'இனி கேட்கமாட்டேன். படகுக் கொட்டகைச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதங்கள் அழகாக இருந்தன.'

3

அந்தக் கடிதத்தை எழுதியவர் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த ஒரு

அந்தக் கடிதம் ஒரு குழுவால் தயாரிக்கப்

நான்தான் எழுதினேன். அதற்காகப் பதவி உயர்வும் வாங்கினேன்.*

யோர்லேனி ஹால்வாரின் மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் படித்துவிட்டு, ஏதோ கோபத்தில் எழுதியிருப்பார் என்றேன்.

"கோபப்படுற ஆளு சாவிய ஏன் குடுக்குறாரு? போன எடு, எல்மர். நீயே பேசு. எழுத மட்டும் தெரிஞ்சாப் போதுமா?"

நான் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் ஹால்வாரின் கணக்கை மூடிவிட்டார். விதியாவது ஒன்றாவது. பத்து முறை மணி அடித்தது. இந்த இடத்தில் ஒரு உவமை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

பதினோராவது முறை ஒரு பெண் எடுத்தார். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். ஹால்வார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறாரா என்றுதான் கேட்க நினைத்தேன்.

"மீன் கழுவிட்டிருக்காரு. கம்ப்யூட்டர் கொட்டகையிலதான் இருக்கு. பூட்டிட்டு சாவிய அவரே எங்கிட்ட குடுத்துட்டாரு. மறுபடியும் எதுக்குக் கூப்பிடுறீங்க?"

பிறகு ஹால்வாரே பேசினார். கணக்கை மூடிவிட்டோம் என்றேன்.

"அந்தக் கடிதம் எழுதுறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"நல்லா எழுதுறீங்க. எனக்கு இனிமே எழுதாதீங்க."

போனை வைத்துவிட்டு யோர்லேனியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வெகுநேரம் சிரித்தார்.

* அந்தப் பதவி உயர்வில் வந்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். இன்னும் ஓடுகிறது.

4

அதோடு நிறுத்தியிருக்கலாம். யோர்லேனி நிறுத்தவில்லை. மூடச் சொல்லிக் கேட்டு, என் கடிதம் வாங்கியவர்கள் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். நான் பெயர்களை வாசித்தேன், அவர் மூடினார். பிறகு மூன்று நாள், இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டோம். நாலாம் நாள் எலாதியோ மாடியேறி வந்து, யார் சொல்லி மூடினீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொல்லித்தான் என்றார் யோர்லேனி.

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் எலாதியோ எங்களை வேலையிலிருந்து தூக்குகிறார். ஒன்றில் விதியை மாற்றுகிறார். ஒன்றில், தளத்தை விற்கிற பேச்சில் மும்முரமாக இருப்பதால் அதோடு மறந்துபோகிறார். இவற்றில் ஒன்று நடந்தது. எதுவென்று சொன்னால் நீங்கள் எலாதியோவைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் நாள் மதியத்திலேயே நின்றுகொள்கிறேன். முப்பத்தொன்பது பேர் எடுத்துப் பேசிவிட்டார்கள். கடைசிப் பெயர் வின்னிபெக்கில் ஒரு பெண். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கிறார். நாங்கள் யாரென்று தெரிந்ததும் மூச்சுவிடாமல் திட்டுகிறார். யோர்லேனி எனக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைத் திருப்பிப் பிடிக்கிறார். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் உரச, ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறோம்.