தாய்மாமன் முட்டி

“முட்டியைத் தொடு.”

“தொட்டுட்டேன்.”

“என் முட்டியை இல்ல திவ்யா. அவன் முட்டியை.”

அண்ணன் கைபேசியை என் பக்கம் திருப்பினான். திரையில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தோல் இல்லை, சதை இல்லை, வெள்ளை வெளேரென்று எலும்புகள் மட்டும். விரலால் தள்ளினால் மெதுவாகச் சுற்றினான், ஜவுளிக்கடை வாசலில் புது வேட்டி கட்டி நிற்கிற பொம்மையைப் போல. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பல் மட்டும் இருக்கிறவர்களால் வேறு எப்படித்தான் இருக்க முடியும்? வலது முட்டியைத் தொட்டேன். அது சிவந்து, பக்கத்தில் ஒரு கதவு திறந்தது.

“இவனுக்கு ஒரு பேர் வைக்கணும்ணே.”

“எலும்பண்ணன். போதும், உள்ள போ.”

எலும்பு, மூட்டுக் கோளாறுகளைப் பற்றி எல்லாம் சொல்லித் தருகிற இணையதளம் அது. பிசியோதெரபி கொடுக்கிற பெண்தான் முகவரியை அனுப்பியிருந்தாள். ‘சந்தேகம் வந்தா இதுல பாருங்க சார், சும்மா சும்மா எனக்குப் போன் பண்ணாதீங்க’ என்று கும்பிடாத குறையாகச் சொன்னாளாம். முழுக்க இங்கிலீஷ். அதனால் பசுமலையில் கல்லூரி முடிந்து பஸ்ஸில் வந்த என்னைக் காளவாசலிலேயே இறங்கச் சொல்லி, தன் கடைக்குள் உட்காரவைத்திருந்தான் சுருளியண்ணன்.

அண்ணனுடையது பிளாஸ்டிக் நாற்காலிக் கடை. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒன்றின் மடியில் ஒன்றாக நாற்காலிகள் உட்கார்ந்திருக்கும். சிவப்பு, பச்சை, கை வைத்தது, கை வைக்காதது. இத்தனை நாற்காலிகளுக்கு நடுவே இருக்கிற மனுசனுக்கு வேண்டியிருந்தது, தரையில் உட்கார ஓர் அனுமதி.

மழைக்காலத்தில் பைக்கோடு சறுக்கி விழுந்ததில் அண்ணனின் வலது முட்டிக்குள் தசைநார் அறுந்துபோனது. ஆபரேஷன் செய்த டாக்டர், “நடங்க, படி ஏறுங்க, ஆனா சம்மணம் போடாதீங்க. அடுத்த தடவை வரும்போது பார்ப்போம்” என்றார். அந்த அடுத்த தடவைக்கு முன்னால் வந்துவிட்டது காதுகுத்து. வர்ற ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டியில், முனீஸ்வரி அக்காவின் மகளுக்கு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். சம்மணம் போட்டால்தானே மடி?

நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன என்று கேட்கலாம். அக்கா வீட்டுக் குலசாமி ஒரு கல். வேப்பமரத்தடியில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு நிற்கும். சாமியை விட உசரமான எதன் மேலும் அங்கே யாரும் உட்காரக் கூடாது. அதற்காக யாரும் அளந்து பார்த்து யோசித்ததில்லை. பேசாமல் ஜமுக்காளத்தை விரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். கலெக்டரே வந்தாலும் ஜமுக்காளம்தான்.

அண்ணனால் உட்கார முடியாவிட்டால் மடி மாறிவிடும். எங்கள் பெரியப்பா மகன் அழகுபாண்டியும் முறைக்குத் தாய்மாமன்தான். அவர் இப்போதே வேட்டி எடுத்துவிட்டார். தினமும் காலையில் மொட்டைமாடியில் சம்மணம் போட்டு, மடியில் தேங்காயை வைத்துப் பழகுகிறார் என்றுகூட ஒரு பேச்சு.

“அக்காவுக்கு எத்தனை கோயில் ஏறி இறங்கிப் பிறந்த புள்ள,” என்றான் அண்ணன். “நர்ஸ் வெளிய வந்ததும் மொதல்ல என் கையிலதான் குடுத்துச்சு. என் மருமக அழுதா என் மடியிலதான் அழுவணும். தேங்காய் வச்சுப் பழகுன மடியில எதுக்கு அழுவணும்?”

“டாக்டர்தான் வேணாம்னுட்டாருல்ல?”

“அவரு பொதுவாச் சொன்னாரு. இதுல விவரமா இருக்கும். நீ தேடு.”

தேடினேன். ‘பழைய வாழ்க்கைக்குத் திரும்புதல்’ என்று ஒரு பக்கம் இருந்தது. என்னென்ன செய்யலாம், எப்போது செய்யலாம் என்று படம் போட்டிருந்தார்கள். பனிச்சறுக்கு இருந்தது. குதிரையேற்றம் இருந்தது. கோல்ஃப், தோட்டவேலை, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது எல்லாம் இருந்தன. சம்மணம் இல்லை.

“தோட்டவேலையில பாரு. களை எடுக்கிறவன் உக்காந்துதான எடுப்பான்?”

“இவங்க ஊர்ல முட்டிக்குக் கீழ தலையணை வச்சுக்கிட்டுக் களை எடுக்கிறாங்கண்ணே.”

“தலையணையா? களைக்கு நோகாம இருக்கவா?” என்றவன் கொஞ்சம் யோசித்து, “சரி, குதிரை?”

“குதிரையில உக்காந்து காது குத்தப் போறியா?”

“சாமியை விட உசரமாயிருமே,” என்றான். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

எந்தப் பக்கம் நுழைந்தாலும் அந்த இணையதளம் எங்களைச் சுற்றவிட்டு, கடைசியில் எலும்பண்ணனின் காலடியிலேயே கொண்டுவந்து விட்டது. ‘முட்டி’ வழியாகப் போனால் ‘தசைநார்’, அங்கிருந்து ‘ஆபரேஷன்’, அதிலிருந்து ‘குணமாகுதல்’, அப்புறம் மறுபடி அதே சிரிப்பு. “எங்கிட்டுப் போனாலும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துருதுடி,” என்றான் அண்ணன். எனக்கு அலுக்கவில்லை. ஒரு மனிதனுக்குள் இத்தனை தெருக்கள் இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு சந்தின் முடிவில், ‘உங்கள் முட்டியை நீங்களே சோதித்துப் பாருங்கள்’ என்று ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. வரிசையாகக் கேள்விகள். நான் படித்துச் சொன்னேன், அண்ணன் பதில் சொன்னான்.

“படி இறங்கும்போது வலி இருக்கா?”

“சேச்சே.”

“எவ்வளவு தூரம் நடக்க முடியும்?”

“எம்புட்டு வேணும்னாலும்னு போடு.”

“வலியில தூக்கம் கலையுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“முந்தாநாள் ராத்திரி யாருண்ணே ‘அய்யோ அம்மா’ன்னு கத்துனது?”

“அது கனவு. கனவைக் கேட்டிருக்கானா? இல்லைல்ல? அடுத்தது.”

“தரையிலிருந்து எழுந்திருக்க முடியுதா?”

“முடியுதுன்னு போடு பாப்பா. பாவம், கேக்குறவன் சங்கடப்படப் போறான்.”

எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டபோதெல்லாம், மயக்கம் முழுசாகத் தெளியாமலே, ‘எனக்கென்ன, நல்லாருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா?’ என்று சொன்னவன் இவன். பார்க்க வந்தவர்களிடம் வலிக்கிறது என்று சொல்வது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி. இணையதளமும் நலம் விசாரிக்கத்தானே வந்திருக்கிறது?

நூற்றுக்கு நூறு வந்தது. எலும்பண்ணன் துள்ளிக் குதித்து ஓடிக் காட்டினான். ‘உங்கள் முட்டி மிகச் சிறப்பாக இயங்குகிறது. உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை’ என்று எழுத்து ஓடியது.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அண்ணன் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ‘வெளிநாட்டு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மடி ரெடி.’

அக்கா உடனே இதயம் அனுப்பினாள். அடுத்து அழகுபாண்டியண்ணன் குரல் பதிவு அனுப்பினார். போட்டுக் கேட்டோம். “ரொம்ப சந்தோசம் தம்பி. அப்படியே சம்மணம் போட்டு ஒரு போட்டோ எடுத்து விடு. எல்லாரும் பாத்துக்குவோம்ல?” பின்னால் தேங்காய் உருளுகிற சத்தம் கேட்டதாக அண்ணன் சத்தியம் செய்தான்.

“எடு போட்டோவ,” என்றான்.

“அண்ணே, வேணாம்ணே.”

“நூத்துக்கு நூறு வாங்கியிருக்கேன்டி.”

ஒரு கையால் பச்சை நாற்காலிகளையும் இன்னொரு கையால் சிவப்பு நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினான். இடது கால் சொன்னபடி மடங்கியது. வலது கால் மடங்கவே மாட்டேன் என்றது. பாதி வழியில் அண்ணனின் முகம் எலும்பண்ணனின் முகம் போல ஆனது, பல் மட்டும் தெரிந்தது. கடைசியில் பொத்தென்று உட்கார்ந்தான். வலது கால் மட்டும் விறைப்பாக நீண்டு, தெருவில் போகிறவர்களுக்கு வழி காட்டியது.

“வலிக்குதாண்ணே?”

“ஒண்ணுமில்ல. நல்லாருக்கேன். நீ சாப்பிட்டியா?”

அப்போது பார்த்து ஓர் அம்மா கடை வாசலில் வந்து நின்றார். “கை வச்ச சேர் இருக்கா தம்பி?” என்றவர் அண்ணனைப் பார்த்துவிட்டு, “இம்புட்டுச் சேரை வச்சுக்கிட்டு இப்படித் தரையில கெடக்கிறியே?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல், பாவப்பட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

எழுந்திருக்கவும் முடியவில்லை. நான் கையைக் கொடுத்தேன். ‘இரு, மூச்சு வாங்கிக்கிறேன்’ என்று அப்படியே சாய்ந்துகொண்டான். பிறகு நான் கைபேசியை எடுத்து அந்தப் பச்சைப் பொத்தானை மறுபடி தொட்டேன்.

“தரையிலிருந்து எழுந்திருக்க முடியுதா?” என்று கேட்டேன்.

அண்ணன் நாற்காலிக் கோபுரங்களை நிமிர்ந்து பார்த்தான். “இல்லைன்னு போடு,” என்றான். ரொம்ப மெல்லிய குரல்.

“படி இறங்கும்போது?”

“வலிக்குது.”

“தூக்கம்?”

“கலையுது. கனவு இல்ல அது.”

இந்தத் தடவை எலும்பண்ணன் குதிக்கவில்லை. அவனும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். மதிப்பெண் பாதிக்கும் கீழே. ஆனால் அதற்கடியில், இதுவரை எங்கள் கண்ணிலேயே படாத ஒரு கதவு இருந்தது: ‘தரையில் உட்காருவது உங்கள் வழக்கமா?’ தொட்டேன். நாங்கள் தேடிச் சுற்றிய தெரு இதுதான். எல்லாம் நல்லாருக்கு என்று சொன்னவனுக்கு எதற்கு வழி காட்டுவார்கள்?

இப்போதைக்குச் சம்மணம் வேண்டாம், டாக்டர் சரி என்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம் என்று இருந்தது. கட்டாயம் தாழ்வாக உட்கார வேண்டி வந்தால் உறுதியான இருக்கை ஒன்றில், ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்காருங்கள். எழுப்பிவிட ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இருக்கை எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது.

“ஒரு காலை நீட்டினாலும் இன்னொரு பக்கம் தொடை இருக்குல்ல?” என்றான் அண்ணன். “பச்சப்புள்ளைக்கு அது பத்தாதா?”

“பத்தும்ணே. ஆனா உயரமா வேணும்னு போட்டிருக்கான். அங்க சாமி?”

அவன் கண் கடையைச் சுற்றிவந்து மூலையில் நின்றது. குளிக்கும்போது போட்டுக்கொள்கிற ஸ்டூல்கள் அங்கே குவிந்திருந்தன. பெரியது, நடுத்தரம், சின்னது. “அதெல்லாத்தையும் எடுத்துட்டு வா,” என்றான். வரிசையாக அவன் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றையும் கையால் சாண் போட்டுப் பார்த்தான்.

“அக்கா வீட்டுச் சாமி எம்புட்டு உசரம் இருக்கும்?”

“மாலை போட்டிருந்தா என் முட்டிக்கு இருக்கும். மாலை இல்லாம பாத்ததில்லண்ணே.”

கைபேசி அடித்தது. அக்கா. போட்டோ இன்னும் வரவில்லை என்று கேட்கத்தான் இருக்கும். அண்ணன் என்னைப் பார்த்தான், ஸ்டூல்களைப் பார்த்தான், நீட்டிக் கிடந்த காலைப் பார்த்தான். பிறகு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

“என்னடா தம்பி, கால் எப்படி இருக்கு?”

அண்ணனின் வாய் ‘ந’ என்று தொடங்கப் போனது. நான் அவன் தோளைக் கிள்ளினேன்.

“வலிக்குதுக்கா,” என்றான். “சம்மணம் முடியல. அந்த நூறு பொய்.”

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

“ஆனா மடி இருக்குக்கா, ஒரு பக்கம் நல்லாவே இருக்கு. அழகுபாண்டி அண்ணன்கிட்ட இப்பவே ஒண்ணும் சொல்லிறாத.” அண்ணன் நடுத்தர ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்து, அதன் தலையில் கையை வைத்துக்கொண்டான். “நீ ஒரு கயிறு எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போயி, மாலை துணியெல்லாம் எடுத்துட்டு, உங்க சாமி எம்புட்டு உசரம்னு அளந்து சொல்றியாக்கா?”